மறுக்கும் உறுப்பும் மறுக்காத உறுப்பும்: பழைய பிக்கப்புகளில் க்ரூஸ் கன்ட்ரோல் பழுது

அமெரிக்காவில் இருபது, முப்பது ஆண்டு ஓடிய பிக்கப் வண்டியை வாங்க வருகிறவர் எஞ்சினைக் கேட்பார், கியரைப் போட்டுப் பார்ப்பார், அடித்தட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்கிறதா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். வேலை செய்யவில்லை என்றால் விலையில் கொஞ்சம் குறைத்துப் பேசுவார். வேலை செய்கிறது என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த வழக்கம் தலைகீழானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் இந்த ஏற்பாடு, சிறு சந்தேகம் வந்தாலும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அது ஓட மறுத்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு மலிவான சுவிட்ச்சோ பல்போ தன் கடமையைச் செய்திருக்கிறது என்று பொருள். ஆபத்து அங்கே இல்லை. எந்தக் குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் பழுதே ஆபத்தானது. பழுது பார்க்கும் வரிசை, எந்த உறுப்பைப் புதிதாக வாங்குவது, எதைப் பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போடலாம் என்ற கேள்விகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

1980களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த ஃபோர்டு எஃப் வரிசை, செவ்ரலே சி/கே, டாட்ஜ் ராம் ஆகிய மூன்று பிக்கப் குடும்பங்களையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். அந்நாட்டுச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய பிக்கப்புகளில் பெரும்பகுதி இவற்றில் அடங்கும்.

பார்வையற்ற பொறியாளரின் கருவி

க்ரூஸ் கன்ட்ரோலின் தந்தை என்று சொல்லப்படும் ரால்ஃப் டீட்டர் 1890இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் நேர்ந்த விபத்தில் பார்வை பறிபோனது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். பின்னாளில் பிஸ்டன் ரிங் செய்யும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தின் தலைவரானார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும்போது, ஓட்டுபவரின் கால் ஒரே நிலையில் நிற்பதில்லை என்பதை அவர் உடம்பால் உணர்ந்தார். அவருடைய வக்கீல் பேசும்போது வேகத்தைக் குறைத்தும், கேட்கும்போது கூட்டியும் ஓட்டியதே இந்தக் கருவி பிறக்கக் காரணம் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது டயரையும் பெட்ரோலையும் மிச்சப்படுத்த மணிக்கு 35 மைல் என்று விதித்திருந்த வேக வரம்பும் இந்த யோசனைக்கு உரம் போட்டது.

டீட்டரின் கருவிக்கு 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் தன் விலை உயர்ந்த கார்களில் இதை வைத்தது. இன்று நாம் சொல்லும் பெயர் கடிலாக் வழியாகப் பரவியது. 1973இன் எண்ணெய் நெருக்கடியும், அதைத் தொடர்ந்து 1974இல் நாடு முழுவதும் வந்த 55 மைல் வேக வரம்பும் இதைச் சொகுசுப் பொருள் என்ற நிலையிலிருந்து அன்றாடப் பொருளாக்கின. நீண்ட சாலையில் டிரெய்லர் இழுத்துச் செல்லும் பிக்கப்பில் அது எளிதாக ஒட்டிக்கொண்டது.

தொடக்கத்திலிருந்தே இந்தக் கருவிக்கு இரண்டு வேலை உண்டு. வேகத்தைப் பிடித்து வைப்பது ஒன்று. ஓட்டுபவர் கேட்ட அந்த நொடியில் விட்டுவிடுவது இன்னொன்று. முதல் வேலையைச் செய்யும் உறுப்புகளை இழுவைப் பக்கம் என்றும், இரண்டாவதைச் செய்பவற்றை அனுமதிப் பக்கம் என்றும் வைத்துக்கொண்டால் பழுது தேடுவது எளிதாகும்.

மூன்று விதமான இழுவை

பழைய பிக்கப்புகளில் த்ராட்டிலை இழுக்க மூன்று முறைகள் புழங்கின.

முதலாவது, வேகமானி கேபிளோடு இணைந்த பெட்டி. 1970களிலும் 80களிலும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இது பரவலாக இருந்தது. சுழலும் கேபிளிலிருந்தே வேகத்தை அறிந்து, எஞ்சினின் வாக்குவத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும். எலக்ட்ரானிக்ஸ் மிகக் குறைவு.

இரண்டாவது, மூளை மின்னணுவில், இழுவை வாக்குவத்தில். 1994 முதல் 2001 வரையிலான டாட்ஜ் ராம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சின் கம்ப்யூட்டரே வேகத்தைக் கணக்கிட்டு, சர்வோ என்னும் வட்டப் பெட்டிக்குள் இருக்கும் மூன்று சாலினாய்டு வால்வுகளுக்குக் கட்டளையிடும். ஒன்று வாக்குவத்தை உள்ளே விடும். இன்னொன்று காற்றை விட்டு இழுவையைத் தளர்த்தும். மூன்றாவது முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். அந்த மூன்றாவது வால்வு மின்சாரம் இருந்தால்தான் மூடியிருக்கும். வயர் அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் தானாகத் திறந்துகொண்டு த்ராட்டிலை விட்டுவிடும். பழுதானால் பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்ற கொள்கை அந்த ஒரு வால்விலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மின்மோட்டார். 1988க்குப் பின் வந்த செவ்ரலே பிக்கப்புகள் பலவற்றிலும், 1990களின் ஃபோர்டு எஃப்-150இலும் மூளையும் மோட்டாரும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. வாக்குவ ஹோஸ்கள் இல்லை. அதனால் கசிவு என்ற தொல்லையும் இல்லை. ஆனால் பெட்டி மூடி ஒட்டியது. உள்ளே பழுதானால் முழுசாக மாற்றுவதுதான் வழி.

அதற்குப் பின் த்ராட்டிலே மின்மோட்டாரால் இயங்கத் தொடங்கியதும் தனிச் சர்வோவும் கேபிளும் மறைந்தன. க்ரூஸ் கன்ட்ரோல் வெறும் மென்பொருளாகிவிட்டது. அதனால் கையில் கருவியோடு தேடிப் பிடிக்கும் பழுது இந்தப் பழைய தலைமுறையோடு முடிகிறது.

கருவி இல்லாமல் மூன்று சோதனை

க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்கவில்லை என்றதும் பலர் சர்வோவையோ பெட்டியையோ மாற்ற நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பெரிய உறுப்பு அதுதான். விலையும் அதற்குத்தான் அதிகம். ஆனால் பழுது பெரும்பாலும் அனுமதிப் பக்கத்தில்தான் இருக்கும். கூட்டத்தில் ஒரே ஓர் உறுப்பினர் கை தூக்கி மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும் குழுவைப் போன்றது இது. யார் கை தூக்கினார் என்று பார்க்காமல் தலைவரை மாற்றிப் பயன் இல்லை.

1990களின் ஃபோர்டு பிக்கப்பை வைத்துப் பேசினால், மல்டிமீட்டரைத் தொடும் முன்பே மூன்று சோதனைகள் செய்துவிடலாம்.

முதலில் பிரேக் லைட். க்ரூஸ் பெட்டி பிரேக் லைட் வயரில் எந்நேரமும் ஒரு கண் வைத்திருக்கிறது. பிரேக் மிதிக்காதபோது அந்த வயர் பல்பின் இழை வழியாக எர்த்தைத் தொட்டிருக்க வேண்டும். எல்லாப் பல்பும் எரிந்துபோயிருந்தாலோ, பழைய இழைப் பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டியிருந்தாலோ அந்த எர்த் கிடைக்காது. பெட்டி அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஓட மறுக்கும். ‘நேற்றுவரை ஓடியது, பளிச்சென்று எரியும் பல்பு மாட்டியதும் நின்றுவிட்டது’ என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது இதுதான். இதே குணம் அக்காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளிலும் உண்டு. ஒரு பக்கமாவது இழைப் பல்பைத் திருப்பி மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து ஹார்ன். ஸ்டீயரிங்கில் இருக்கும் க்ரூஸ் பொத்தான்களும் ஹார்னும் ஒரே வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. ஸ்டீயரிங் சுற்றும்போது வயர் முறுகாமல் இருக்க, உள்ளே கிளாக் ஸ்பிரிங் என்னும் சுருள் நாடா இருக்கிறது. ஹார்னும் போய், க்ரூஸும் போயிருந்தால் முதலில் ஃபியூஸ், பிறகு அந்த நாடா. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஹார்ன் அடித்து, திருப்பினால் அடிக்காமல் போனால் நாடா எங்கோ விரிசல் விட்டிருக்கிறது.

மூன்றாவது வேகமானி. முள் துள்ளினாலோ, விழுந்து எழுந்தாலோ வேக சென்சாரின் சமிக்ஞை கெட்டிருக்கிறது; வேகம் தெரியாத பெட்டி எதையும் பிடித்து வைக்காது. முள் ஒழுங்காக நின்றால் சென்சார் மேல் சந்தேகம் குறையும். முழுவதும் நீங்கிவிடாது, சென்சாரிலிருந்து க்ரூஸ் பெட்டிக்குப் போகும் கிளை வயர் தனியாக அறுந்திருக்கலாம்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு மல்டிமீட்டருக்கு வேலை வருகிறது. ஃபோர்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மின்தடையைக் காட்ட வேண்டும்: வேகத்தைப் பிடிக்கும் பொத்தானுக்குச் சுமார் 680 ஓம், குறைப்பதற்கு 120 ஓம், பழைய வேகத்துக்குத் திரும்புவதற்கு 2,200 ஓம். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கப்ளரில் அளந்தால், சுவிட்ச்சும் கிளாக் ஸ்பிரிங்கும் ஒரே அளவீட்டில் தேறிவிடும் அல்லது தோற்றுவிடும். எண் தாவிக்கொண்டே இருந்தால் தொடர்பில் அழுக்கு.

செவ்ரலேயில் பாதை கொஞ்சம் வேறு. அங்கே க்ரூஸ் பொத்தான்கள் இண்டிகேட்டர் கோலில் இருக்கின்றன. அந்தக் கோலின் வயர் ஸ்டீயரிங் தண்டு வழியாக, தண்டை ஏற்றி இறக்கும் மடிப்பைக் கடந்து போகிறது. வருஷக்கணக்கில் ஏற்றி இறக்கினால் வயர் அங்கேதான் அறும். கோலை அசைக்கும்போது க்ரூஸ் பிடித்து விட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் கிளட்ச் பெடலிலும் ஒரு சுவிட்ச் உண்டு. மிதிபடும் இடத்தில் இருப்பதால் அதன் பிளாஸ்டிக் தேய்வதும், இடம் நகர்வதும் வழக்கம்.

காற்று கசியும் வழி

டாட்ஜ் ராமிலும் பழைய ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு வண்டிகளிலும் இழுவை வாக்குவத்தால் நடக்கிறது. பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சு குழாயில் வாக்குவம் நன்றாக இருக்கும். மேடு ஏறும்போது த்ராட்டில் திறந்துவிடுவதால் அது குறைந்துபோகும். இழுவை தேவைப்படுவதோ அப்போதுதான். இந்த முரண்பாட்டைத் தீர்க்கவே ஒரு சேமிப்புக் கலமும், வாக்குவம் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒருவழி வால்வும் வைத்தார்கள். சமதளத்தில் ஒழுங்காகப் பிடித்து, மேடு வந்ததும் வேகம் விழுந்தால் அந்தக் கலத்தையும் வால்வையும் பார்க்க வேண்டும்.

டாட்ஜ் ராமில் சர்வோ இருக்கும் இடமே பழுதுக்குப் பாதி காரணம். அது பேட்டரித் தட்டுக்கு அடியில் தொங்குகிறது. பேட்டரியிலிருந்து வழியும் அமிலம் தட்டை அரித்து, ரப்பர் ஹோஸ்களையும் பொடியாக்கிவிடும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பேட்டரியைத் தூக்கினால்தான் தெரியும். சர்வோவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி அளவி மாட்டினால், எஞ்சின் சும்மா ஓடும்போது குறைந்தது 10 அங்குலப் பாதரச அளவு வாக்குவமாவது இருக்க வேண்டும் என்பது கிரைஸ்லர் கையேட்டின் அளவு. அது வந்தால் கசிவு சர்வோவுக்குள். வராவிட்டால் சர்வோவுக்கு முன்னால்.

அதே ராமில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் இருந்தால் கதை மாறும். டீசல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் பயன்படுத்தத்தக்க வாக்குவம் கிடையாது. எஞ்சினால் சுழலும் தனி வாக்குவப் பம்புதான் அதைத் தருகிறது. அந்தப் பம்பு சோர்ந்தால் க்ரூஸ் மட்டும் கெடாது. ஏர்கண்டிஷன் காற்று திசை மாற்றும் கதவுகளும் சோம்பிவிடும். இரண்டு புகாரும் சேர்ந்து வந்தால் பம்பிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் கொஞ்சம் பேசவும் செய்யும். 1990களின் கிரைஸ்லர் வண்டிகளில் சாவியை மூன்று முறை திருப்பினால் எச்சரிக்கை விளக்கு மினுக்கும் எண்களில் 34 என்பது க்ரூஸ் சாலினாய்டு சுற்றில் கோளாறு, 15 என்பது வேக சமிக்ஞை இல்லை. நிறுவனத்தின் ஸ்கேனரை மாட்டினால், க்ரூஸ் கடைசியாக எதனால் விடுபட்டது என்பதையே எழுத்தில் காட்டும். மறுத்தவர் யார் என்று நேரடியாகச் சொல்லும் வசதி அது. சர்வோவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சோதனைக்குக் கட்டணம் கொடுப்பது லாபம்.

அறிகுறி சொல்லும் திசை

பிடிக்கவே மாட்டேன் என்பது ஒரு வகை. பிடித்து விட்டுவிடுவது இன்னொரு வகை. பிடித்து ஆடுவது மூன்றாவது. மெக்கானிக்குகள் இவற்றைப் பிரித்தே கேட்பார்கள்.

பிடிக்கவே இல்லையென்றால் ஃபியூஸ், பிரேக் லைட் சுற்று, பொத்தான், வேக சமிக்ஞை என்ற வரிசை. பொத்தானை அழுத்திய வேகம் என்ன என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மணிக்கு 25 அல்லது 30 மைலுக்குக் கீழே இந்த ஏற்பாடுகள் வேலையைத் தொடங்குவதே இல்லை.

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் விட்டுவிடுகிறதென்றால் பிரேக் பெடல் சுவிட்ச் விளிம்பில் நிற்கிறது. பெடல் சற்றே குலுங்கினாலும் பிரேக் மிதித்ததாக அது எடுத்துக்கொள்கிறது. ஓட்டுபவர் காலை அறியாமலே பெடலில் வைத்திருக்கும் பழக்கமும் இதே அறிகுறியைத் தரும்.

வேகம் கூடிக் குறைந்து ஆடினால் த்ராட்டில் கேபிளில் தளர்வு, வாக்குவத்தில் சிறு கசிவு, அல்லது வேக சமிக்ஞையில் இரைச்சல். கேபிள் தளர்வாக இருந்தால் சர்வோ முதலில் அந்தத் தளர்வை இழுத்துவிட்டுப் பிறகு த்ராட்டிலைத் திடீரென்று இழுக்கும். பெட்டி அதைத் திருத்தப் போய் மறுபக்கம் தாண்டிவிடும்.

நான்காவது வகை ஒன்று உண்டு: பிரேக் மிதித்தும் விடாமல் இருப்பது, விட்ட பிறகும் த்ராட்டில் முழுதாக மூடாமல் இருப்பது. இது வந்தால் மற்ற வரிசையெல்லாம் தள்ளிப்போகும். வண்டி சாலைக்குப் போகக் கூடாது. கேபிளின் வெளியுறை கிளிப்பிலிருந்து நழுவியிருக்கலாம். கேபிள் வேறு உறுப்பில் சிக்கியிருக்கலாம். 2001 முதல் 2004 வரையிலான ஃபோர்டு எஸ்கேப் வண்டிகளை அந்நிறுவனம் 2012இல் திரும்ப அழைத்ததற்கு இதுதான் காரணம்: எஞ்சின் மூடிக்கும் க்ரூஸ் கேபிளின் இணைப்புக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை, த்ராட்டில் திறந்தபடி சிக்கிக்கொள்ளும் அபாயம் இருந்தது. பெட்டியிலோ சுவிட்ச்சிலோ எந்தக் குறையும் இல்லாமலே இது நேரும்.

மறுக்காத உறுப்பு

இந்தக் கட்டுரையின் மையக் கேள்விக்கு மிகப் பெரிய சான்று ஃபோர்டு வரலாற்றில் இருக்கிறது. 1990களில் அந்நிறுவனம் தன் க்ரூஸ் ஏற்பாட்டில் இரண்டாவது பாதுகாப்பாக ஒரு சுவிட்ச்சைச் சேர்த்தது. பெடலில் இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச் தவறினாலும், பிரேக் எண்ணெயின் அழுத்தம் ஏறியதும் இது சர்வோவின் கிளட்ச்சுக்குப் போகும் மின்சாரத்தை அறுத்துவிடும். நோக்கம் நல்லது. மாஸ்டர் சிலிண்டர் அருகே, பிரேக் எண்ணெயோடு நேரடித் தொடர்பில் அதைப் பொருத்தினார்கள். சுவிட்ச்சைச் செய்து தந்தது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்.

சுவிட்ச்சுக்குள் ஒரு பக்கம் பிரேக் எண்ணெய், மறுபக்கம் மின்தொடர்பு. இரண்டையும் பிரிப்பது காப்டன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். வருஷக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்தத் தாள் விரிசல் விட்டது. எண்ணெய் மின்பக்கத்துக்குக் கசிந்தது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்ததும் மின்சாரத்தைக் கடத்தி, உள்ளே அரிப்பை உண்டாக்கி, சூடேறி, பிளாஸ்டிக் உடலைப் பற்றவைத்தது.

இதில் கொடியது ஒன்று உண்டு. அந்தச் சுவிட்ச்சுக்கு எந்நேரமும் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. க்ரூஸ் போட்டிருக்க வேண்டியதில்லை; வண்டி ஓட வேண்டியதில்லை; சாவியே போட்டிருக்க வேண்டியதில்லை. கொட்டகையில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போன வண்டிகள் தீப்பற்றின. வீடுகளும் எரிந்தன.

திரும்ப அழைத்தல் ஒரே தடவையில் முடியவில்லை. 1999இல் 1992, 93ஆம் ஆண்டுகளின் கிரவுன் விக்டோரியா வகைக் கார்கள் 2,79,000. 2005 ஜனவரியில் 2000ஆம் ஆண்டின் எஃப்-150 உள்ளிட்டவை 7,92,000. அதே ஆண்டு செப்டம்பரில் 1994 முதல் 2002 வரையிலான பிக்கப்புகளும் எஸ்.யு.வி.களும் 38 லட்சம். 2006இல் 12 லட்சம், 2007இல் 36 லட்சம், 2009 அக்டோபரில் 45 லட்சம். பத்தாண்டில் மொத்தம் 1.4 கோடிக்கு மேல். இடையே 2008இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அழைப்பு வந்தும் வண்டியைக் கொண்டுவராத உரிமையாளர்களை விரைந்து வரும்படி பொது அறிவிப்பு விட வேண்டியிருந்தது.

ஏன் அத்தனை பேர் போகவில்லை என்பதற்கு விடை நாம் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது. அந்த வண்டிகளில் க்ரூஸ் கன்ட்ரோல் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்யும் பொருளை யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? மறுக்க வேண்டிய உறுப்பு மறுக்காமல் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பல வண்டிகளில் தீர்வாக வந்தது சுவிட்ச்சுக்குப் போகும் வழியில் ஃபியூஸ் உள்ள சிறு வயர்த் தொகுப்பு. உள்ளே ஷார்ட் ஆனால் சூடேறும் முன் ஃபியூஸ் போய்விடும்.

பழைய ஃபோர்டு வைத்திருப்பவர் இன்றும் பானெட்டைத் திறந்து பார்க்கக் கூடியது இது. மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் இரண்டு வயர் கப்ளர் உள்ள சுவிட்ச்சைத் தேட வேண்டும். வழியில் பிற்சேர்க்கை ஃபியூஸ் தொகுப்பு இருக்கிறதா, கப்ளரைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் பிசுபிசுப்போ கருகலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் தெரிந்தால் அந்தச் சுவிட்ச் அன்றே போக வேண்டும். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள திரும்ப அழைத்தலையும் சரிபார்க்கலாம். இலவசமாகச் சரிசெய்வதைச் சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு வண்டியின் வயதில் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டிய வண்டிக்கும் டீலரிடம் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

எதைப் புதிதாக, எதைப் பழசாக

பழைய வண்டிக்கு உதிரிப் பாகம் மூன்று வழிகளில் கிடைக்கும்: நிறுவனத்தின் அசல், வெளி நிறுவனத்தின் மறுதயாரிப்பு, உடைத்துப் பிரித்த வண்டியிலிருந்து எடுத்தது. அசல் பாகங்கள் பலவற்றின் தயாரிப்பு நின்றுபோனது. எனவே தேர்வு மற்ற இரண்டுக்கும் இடையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. இங்கேயும் இழுவைப் பக்கம், அனுமதிப் பக்கம் என்ற பிரிவே வழிகாட்டும்.

சர்வோ, மோட்டார் பெட்டி, வாக்குவக் கலம் போன்ற இழுவைப் பாகங்களைப் பழைய வண்டியிலிருந்து எடுத்துப் போடலாம். அவை கெட்டால் க்ரூஸ் ஓடாது, அவ்வளவுதான். ஆனால் ஆண்டும் மாடலும் பொருந்த வேண்டும். வேக சமிக்ஞைக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஃபோர்டில் மைலுக்கு 8,000 துடிப்பு, செவ்ரலே பிக்கப்பில் க்ரூஸுக்கு 4,000. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் பெட்டி வேறு கணக்கை எதிர்பார்த்தால், வேகத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளும்.

பிரேக் பெடல் சுவிட்ச், எண்ணெய் அழுத்தச் சுவிட்ச், வாக்குவத்தைக் கொட்டும் பெடல் வால்வு, கிளாக் ஸ்பிரிங் ஆகிய அனுமதிப் பாகங்களைப் புதிதாகவே வாங்க வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த எண்ணெய்ச் சுவிட்ச் என்பது பிறர் கழித்துக்கட்டிய அபாயத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம். கிளாக் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை ஏர்பேக்கின் வயரும் அதே நாடாவில் போகிறது. பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகே கை வைக்க வேண்டும். புதிய நாடாவை நடுநிலையில் நிறுத்தாமல் மாட்டினால், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும் முதல் வளைவிலேயே அறுந்துவிடும்.

பெடல் சுவிட்ச்சுகளிலும் நுணுக்கம் உண்டு. பிற்கால டாட்ஜ் ராமில் சுவிட்ச் மாட்டும்போது ஒரே ஒரு முறை தன்னை அளவு சரிசெய்துகொள்ளும். கழற்றியதை மறுபடி மாட்டினால் அளவு தப்பும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளிலோ சுவிட்ச்சை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு, பெடலை ‘டிக் டிக்’ சத்தம் நிற்கும்வரை மேலே இழுத்தால் போதும்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளட்ச் சுவிட்ச்சை வயரால் இணைத்துவிடுவது, கசியும் பெடல் வால்வின் ஹோஸை அடைத்துவிடுவது ஆகிய இரண்டும் க்ரூஸை உடனே ஓடவைக்கும். செலவும் இல்லை. அதனால்தான் பழைய வண்டி வாங்குகிறவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விடுவிக்கும் இரண்டு வழிகளில் ஒன்றை முன்னாள் உரிமையாளர் அடைத்திருந்தால், மிச்சமிருக்கும் ஒன்று தவறும் நாள்வரை வண்டி குறையே இல்லாமல் ஓடும்.

மாற்றி முடித்ததும் சோதனை ‘பிடிக்கிறதா’ என்பதோடு நிற்கக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு த்ராட்டிலைக் கையால் திறந்து விட்டால் முழுதாக மூடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வெறிச்சோடிய சாலையில் க்ரூஸைப் போட்டு, பிரேக்கை விரல் நுனியளவு தொட்டு, கிளட்ச்சை மிதித்து, அணைக்கும் பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாக விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே க்ரூஸ் விட்டிருக்க வேண்டும்.

சரிசெய்யாமல் விடலாமா

தாராளமாக விடலாம். க்ரூஸ் கன்ட்ரோல் இல்லாமல் எந்தப் பிக்கப்பும் ஓடும். மழையிலும் பனியிலும் அதைப் போடவே கூடாது என்பதால், குளிர்ப் பகுதியில் இருப்பவருக்கு ஆண்டில் பல மாதங்கள் அது தேவையும் இல்லை. ஆனால் ‘ஓடவில்லை, விட்டுவிட்டேன்’ என்பதற்கும் ‘முறையாக நிறுத்தி வைத்தேன்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஓடாத ஏற்பாட்டிலும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். கேபிள் த்ராட்டிலோடு இணைந்தே இருக்கும். ஃபோர்டாக இருந்தால் எண்ணெய்ச் சுவிட்ச்சின் கப்ளரைக் கழற்றி, மூடிக் கட்டிவிட வேண்டும். மாற்று உறுப்பு வந்து சேரும்வரை நிறுவனமே இடைக்கால ஏற்பாடாகச் செய்ததும் அதுதான். கேபிளைத் த்ராட்டிலிலிருந்து விடுவித்து, எதிலும் சிக்காத இடத்தில் கட்டிவைக்க வேண்டும்.

மொத்தத்தில், பழைய பிக்கப்பின் க்ரூஸ் கன்ட்ரோலைப் பார்க்க வருகிறவர் வரிசையை மாற்றிப் போட்டுக்கொள்வது நல்லது. முதலில் விடுகிறதா, எங்கேனும் எண்ணெயோ சூடோ தெரிகிறதா, யாராவது எதையாவது குறுக்கே இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை ஓடும் வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் பொது. அதில் தேறிய பிறகுதான் ‘ஏன் பிடிக்கவில்லை’ என்ற கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் ஒரு பல்பு, ஒரு ஹோஸ், அல்லது பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சுவிட்ச் என்ற அளவில் முடிந்துவிடும். சர்வோவின் விலையை அதற்குப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.